சிறப்புக் கல்வி நிர்வாகிக்குத் தகுதி யாது?

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்சி. கணிதம்)

சாரல் காலத்தில் ஒரு முறையேனும் குற்றாலம் செல்லாத மாணவர் நம் கல்லூரியில் எவரும் இரார். பேரருவியில் நீர்வரத்துத் திடீரென்று கூடும்போது காவலர்கள் விசில் ஊதிக் கூட்டத்தை வெளியேற்றுவதையும் நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். மூன்று ஆண்டுகளுக்கு முன், ஆனி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், அப்படி விசில் ஊதினார்கள். பெண்கள் பகுதியில் இருந்தவர்கள் ஈரச் சேலையோடு ஒருவரையொருவர் தள்ளிக்கொண்டு வெளியே வந்தார்கள். என் சித்தி மகள் மட்டும் வரவில்லை. பாறையோடு ஒட்டி, கண்ணை மூடிக்கொண்டு, தலையில் தண்ணீர் விழுகிற சுகத்தில் நின்றுகொண்டிருந்தாள். பிறவியிலேயே அவளுக்குக் காது கேளாது. சித்தி திரும்பவும் உள்ளே ஓடி, கையைப் பிடித்து இழுத்து வந்தாள். ஏன் இழுக்கிறாய் என்று கோபமாகப் பார்த்தாளே தவிர, என்ன நடந்தது என்று என் தங்கைக்குத் தெரியவே இல்லை.

அன்று யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆயினும் வேனில் வீடு திரும்பும்போது எனக்கு ஓர் எண்ணம் தோன்றியது. விசிலோடு ஒரு சிவப்பு விளக்கும் விட்டு விட்டு எரிந்திருந்தால் அவளாகவே வெளியே வந்திருப்பாள். விளக்குக்கு ஆகும் செலவு பெரிதன்று. கூட்டத்தில் காது கேளாதவர் ஒருவர் இருக்கக் கூடும் என்று முன்கூட்டியே நினைக்கத் தெரிந்த ஒருவர், திட்டம் போடுகிற நாற்காலியில் இருக்க வேண்டும். அருவிக்கரைக்கே இப்படி என்றால், கல்விக்கு? பார்வையற்ற, செவித்திறன் குறைந்த, அறிவுசார் குறைபாடுள்ள பிள்ளைகளின் படிப்பை நிர்வகிக்கும் நாற்காலியில் அமர்பவருக்கு என்ன தகுதி வேண்டும்? அந்தக் கேள்வியைப் பற்றித்தான் இக்கட்டுரை.

முதலில் ஒரு பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். நம் பள்ளிக் கல்வித் துறையில் ‘சிறப்பாசிரியர்’ என்றால் ஓவியம், தையல், இசை, உடற்கல்வி ஆகியவற்றைக் கற்பிப்பவர் என்றே பொருள். மாற்றுத்திறன் குழந்தைகளுக்குக் கற்பிப்பவரைச் சிறப்புப் பயிற்றுநர் என்றும் சிறப்புக் கல்வி ஆசிரியர் என்றும் அழைப்பர். இது தெரியாமல் நான் ஒரு பள்ளியில் போய்ச் சிறப்பாசிரியரைப் பார்க்க வேண்டும் என்று கேட்க, என்னைத் தையல் டீச்சரிடம் அனுப்பி வைத்தார்கள். இக்கட்டுரையில் சிறப்புப் பயிற்றுநர் என்ற சொல்லையே ஆள்கிறேன்.

கற்பிப்பவருக்கு உள்ள நிபந்தனை

சிறப்புப் பயிற்றுநருக்கு என்ன தகுதி வேண்டும் என்பதில் நம் நாட்டுச் சட்டம் தெளிவாக இருக்கிறது. 1992ஆம் ஆண்டு இந்திய மறுவாழ்வுக் கவுன்சில் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. 1993 ஜூன் 22 முதல் அக்கவுன்சில் சட்டப்படியான அமைப்பாக இயங்கி வருகிறது. மருத்துவர்களுக்கு மருத்துவக் கவுன்சில் பதிவு இருப்பதுபோல, மாற்றுத்திறனாளிகளுக்குப் பணிசெய்யும் வல்லுநர்களுக்கு மத்திய மறுவாழ்வுப் பதிவேடு என்று ஒன்று உண்டு. அதில் பெயர் பதிந்து எண் பெற்றவரே இத்தொழில் செய்யலாம். பதிவில்லாமல் தொழில் செய்வோருக்கு ஓராண்டு வரை சிறை, அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்று சட்டத்தின் 13ஆம் பிரிவு சொல்கிறது.

பதிவு எண் பெறக் கவுன்சில் ஒப்புக்கொண்ட படிப்பை முடித்திருக்க வேண்டும். மேல்நிலைப் படிப்புக்குப் பின் 2 ஆண்டுப் பட்டயப் படிப்பு ஒரு வழி. பட்டம் பெற்றபின் 2 ஆண்டுச் சிறப்புக் கல்வி பி.எட். இன்னொரு வழி. அதிலும் செவித்திறன் குறைபாட்டுக்கு ஒன்று, பார்வைக் குறைபாட்டுக்கு ஒன்று, அறிவுசார் குறைபாட்டுக்கு ஒன்று எனத் தனித்தனிப் பிரிவுகள் உள்ளன. இது மிகவும் நியாயமானது. பிரெயில் கற்பிப்பதற்கும் சைகை மொழியில் கற்பிப்பதற்கும், நம் இயற்பியலுக்கும் தாவரவியலுக்கும் உள்ள தூரம் இருக்கிறது. படித்து முடித்த பிறகும் அவர்கள் தொடர் பயிற்சி வகுப்புகளுக்குச் சென்று பதிவைப் புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும். பி.எட். படிக்கும் ஆசை உள்ள நண்பர்கள் இதைக் கவனத்தில் வைத்துக்கொள்க. கோவை பெரியநாயக்கன்பாளையம் இராமகிருஷ்ண மிஷன் வித்தியாலய வளாகத்திலும், சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் 2005இல் தொடங்கப்பட்ட தேசிய நிறுவனத்திலும் இத்துறைப் படிப்புகள் உள்ளன.

மேலே ஏற ஏற

வகுப்பறையில் குழந்தையின் அருகே அமர்பவருக்கு இத்தனை கட்டுப்பாடு. அவருக்கு மேலே இருப்பவர்களைப் பார்ப்போம்.

என் தங்கை போன்ற பிள்ளைகள் பொதுப் பள்ளியில் படித்தால் அவர்கள் பள்ளிக் கல்வித் துறையின் கீழ் வருவார்கள். சிறப்புப் பள்ளியில் படித்தால் மாற்றுத்திறனாளிகள் நலத்துறையின் கீழ் வருவார்கள். ஆக, பெற்றோர் இரண்டு அலுவலகப் படிகள் ஏற வேண்டும். 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டமாகத் தொடங்கப்படும்வரை இரண்டுமே எங்களுக்குத் திருநெல்வேலியில்தான். ஒரு கையெழுத்துக்கு ஒரு நாள் கூலி போகும். எங்கள் வீட்டில் கல்லூரிப் படி ஏறியவன் நான் ஒருவனே. ஆதலால் உறவில் யாருக்கு விண்ணப்பம் நிரப்ப வேண்டும் என்றாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். இந்தக் கட்டுரைக்கான விஷயங்களில் பாதி, அப்படி வரிசையில் நின்றபோது தெரிந்துகொண்டவை.

பொதுப் பள்ளியில் சிறப்புப் பயிற்றுநருக்கு மேலே தலைமையாசிரியர் இருக்கிறார். அடுத்து வட்டாரக் கல்வி அலுவலர். மாவட்ட அளவில் முதன்மைக் கல்வி அலுவலர். வட்டாரக் கல்வி அலுவலர் பணிக்குப் பட்டமும் பி.எட்.டும் வேண்டும். அந்த பி.எட். சிறப்புக் கல்வியாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. புதிய பாடத்திட்டத்தில் பொது பி.எட். படிப்போருக்கும் உள்ளடங்கிய பள்ளியை உருவாக்குவது பற்றி ஒரு தாள் வைத்திருக்கிறார்கள். நல்லதுதான். ஆனால் ஒரு தாள் படித்துத் தேறியவரும், ஆறு மாதம் ஒரு பிள்ளைக்கு ‘அ’ எழுதக் கற்றுக்கொடுத்தவரும் ஒன்றல்லர்.

வேடிக்கை என்னவென்றால், மறுவாழ்வுக் கவுன்சில் வகுத்த 16 வகை வல்லுநர் பட்டியலில் ‘மறுவாழ்வு ஆலோசகர், நிர்வாகி’ என்று ஒரு வகை இருக்கவே செய்கிறது. நிர்வாகமும் ஒரு தனித் தொழில், அதற்கும் படிப்பு வேண்டும் என்று பட்டியல் போட்டவர்கள் உணர்ந்திருக்கிறார்கள். நாற்காலிகளை நிரப்பும்போதுதான் அந்த வகையை யாரும் தேடுவதில்லை.

பிற நாடுகளில் எப்படி என்று சிலர் கேட்கலாம். அமெரிக்காவில் 1975இல் குறைபாடுள்ள எல்லாக் குழந்தைகளுக்கும் கல்வி அளிக்கும் சட்டம் வந்தது. அங்குப் பல மாநிலங்களில் சிறப்புக் கல்வி நிர்வாகிக்குத் தனிச் சான்றிதழே உண்டு. முதுநிலைப் பட்டம், சில ஆண்டு கற்பித்த அனுபவம், நிர்வாகம் பற்றிய பாடங்கள் ஆகியவற்றைக் கேட்கிறார்கள். படிக்கும்போது நன்றாகத்தான் இருக்கிறது. அப்படியே இங்கே கொண்டுவந்தால் என்ன ஆகும் என்பதற்கு நம் பக்கத்து ஊரையே பார்க்க வேண்டும். அதைப் பின்னர்ச் சொல்கிறேன்.

‘அல்லது’ என்னும் சொல்

நம் சட்டத்தில் நிர்வாகிகளைப் பற்றி ஒன்றுமே இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் பல இடங்களில் அவர்களைத் தொடுகிறது. 1995ஆம் ஆண்டுச் சட்டம் 7 வகைக் குறைபாடுகளையே ஏற்றிருந்தது. 2016ஆம் ஆண்டுச் சட்டம் அதனை 21 ஆக்கியது. 6 வயது முதல் 18 வயது வரை கட்டணமில்லாக் கல்வி 40 சதவீதமும் அதற்கு மேலும் குறைபாடுள்ள குழந்தையின் உரிமை என்கிறது. அதன் 47ஆம் பிரிவு, ஊராட்சி உறுப்பினர், சட்டமன்ற உறுப்பினர், நிர்வாகிகள், காவல்துறையினர், நீதிபதிகள், வழக்கறிஞர்கள் ஆகியோரின் பயிற்சிகள் அனைத்திலும் மாற்றுத்திறனாளிகளின் உரிமை பற்றிய பாடம் கட்டாயம் இருக்க வேண்டும் என்கிறது. நிர்வாகிகள் என்ற சொல் அங்கே வருவதைக் கவனியுங்கள்.

இவ்வுரிமைகள் சரிவர நடக்கின்றனவா என்று பார்க்க ஒவ்வொரு மாநிலத்திற்கும் ஓர் ஆணையர் உண்டு. அவர் பள்ளி நடத்துபவர் அல்லர். நடத்துபவர்களைக் கேள்வி கேட்கும் அதிகாரம் உள்ளவர். அவருடைய தகுதியை 79ஆம் பிரிவு கூறுகிறது. மறுவாழ்வு சார்ந்தவற்றில் சிறப்பறிவு அல்லது நடைமுறை அனுபவம் இல்லாத ஒருவர் அப்பதவிக்குத் தகுதியுடையவர் ஆகார் என்பது அதன் கருத்து. 1995ஆம் ஆண்டுச் சட்டமும் ஏறக்குறைய இதையே சொன்னது.

கணித மாணவனாகிய என் கண் அந்த ‘அல்லது’ என்னும் சொல்லில் போய் நின்றது. முதலாண்டில் தருக்கக் கணிதத்தில் உண்மை அட்டவணை போட்டுப் படித்தோம். ‘அ அல்லது ஆ’ என்ற கூற்று நான்கு நிலைகளில் மூன்றில் மெய். இரண்டும் இல்லாதபோது மட்டுமே பொய். அப்படியானால் சட்டம் மூன்று வகையாரை உள்ளே விடுகிறது. படித்தவர் வரலாம். படிக்காமல் பட்டறிந்தவர் வரலாம். இரண்டும் உள்ளவர் வரலாம். இரண்டும் இல்லாதவர் மட்டும் வெளியே நிற்க வேண்டும். ‘அல்லது’ இருந்த இடத்தில் ‘மற்றும்’ என்று போட்டிருந்தால் மூன்றில் இரண்டு வாசல்கள் அடைபட்டிருக்கும். சட்டம் எழுதியவர்கள் வாசலைத் திறந்து வைத்தது பெருந்தன்மையால் மட்டும் என்று நான் நினைக்கவில்லை. இத்துறையை நம் நாட்டில் உண்மையில் வளர்த்தவர்கள் யார் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

ஆய்க்குடி

தென்காசிக்கு அருகில் ஆய்க்குடி. சுப்பிரமணியர் கோயிலுக்காகப் பலரும் அறிந்த ஊர். அவ்வூரைச் சேர்ந்த எஸ். இராமகிருஷ்ணன் கோவையில் நான்காம் ஆண்டு பொறியியல் படித்துக்கொண்டிருந்தார். 1975 ஜனவரியில் கடற்படை அதிகாரி தேர்வுக்காகப் பெங்களூர் சென்றார். உடல்திறன் சோதனையின்போது கீழே விழுந்து முதுகுத்தண்டில் அடிபட்டது. கழுத்துக்குக் கீழே உடல் செயலிழந்தது. ஏறத்தாழ நம் வயதுதான் அவருக்கு அப்போது. அந்த இடத்தில் என்னை வைத்து நினைத்துப் பார்க்க முயன்றேன், முடியவில்லை.

அவர் ஊர் திரும்பி, 1981ஆம் ஆண்டு, ஒரு சிறு பள்ளியோடு அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். அதுவே ஐ.நா. அறிவித்த சர்வதேச ஊனமுற்றோர் ஆண்டு. தமக்குச் சிகிச்சை அளித்த இராணுவ மருத்துவர் அமர்ஜித் சிங் சாஹலின் பெயரால் ‘அமர்’ என்று வைத்தார். பின்னர் 1992இல் அவரோடு சேர்ந்தவர் எஸ். சங்கரராமன். தசைச் சிதைவு நோயால் சக்கர நாற்காலியில் இயங்குபவர். படிப்பால் பட்டயக் கணக்கர். இன்று சிறப்புப் பள்ளி, மாற்றுத்திறன் பிள்ளைகளும் ஏனைய பிள்ளைகளும் சேர்ந்து படிக்கும் பள்ளி, மருத்துவப் பயிற்சி, ஊர் ஊராகச் சென்று சிறு குழந்தைகளிடம் குறைபாட்டை முன்னரே கண்டறியும் பணி என்று அச்சங்கம் விரிந்திருக்கிறது. 2020ஆம் ஆண்டு இராமகிருஷ்ணனுக்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டபோது எங்கள் தெருவில்கூட வெடி போட்டார்கள்.

இங்கே நாம் கேட்க வேண்டிய கேள்வி இதுதான். பொறியியல் படித்துக்கொண்டிருந்தவர் ஒருவர். கணக்குத் தணிக்கை படித்தவர் மற்றொருவர். இருவரும் சிறப்புக் கல்வியில் பட்டம் பெற்று இதற்குள் வந்தவர்கள் அல்லர். முதுநிலைப் பட்டமும் கற்பித்த அனுபவமும் இல்லாமல் உள்ளே வராதே என்று 1981இல் ஒரு விதி இருந்திருந்தால் ஆய்க்குடி என்ன ஆகியிருக்கும்?

சென்னையிலும் இதே கதைதான். மூளை முடக்குவாதம் உள்ள மகனின் தாயான பூனம் நடராஜன் 1985இல் தொடங்கிய நிறுவனம் இன்று வித்யாசாகர் என்ற பெயரில் இயங்குகிறது. அவர் பின்னர் தேசிய அறக்கட்டளையின் தலைவராகவும் பணியாற்றினார். 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டம், தலைவருக்கு அத்துறையில் தேர்ச்சியும் அனுபவமும் வேண்டும் என்கிறது; நிர்வாகக் குழுவில் பெற்றோர் சங்கங்களின் சார்பில் 3 பேரும், மாற்றுத்திறனாளிகள் சங்கங்களின் சார்பில் 3 பேரும் இருக்க வேண்டும் என்று எழுதி வைத்திருக்கிறது. ஒரு குழந்தையின் தாயாக இருப்பதையும் சட்டம் ஒரு தகுதியாக ஏற்றுக்கொண்டது என்பதை என் சித்தியிடம் சொன்னேன். அவள் நம்பவில்லை.

இன்னும் பின்னோக்கிப் போனால் பாளையங்கோட்டை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதி ஆண்டுகளில் அங்கே பார்வையற்றோருக்கு ஆஸ்க்வித் அம்மையாரும், காது கேளாதோருக்குப் பிளாரன்ஸ் சுவைன்சன் அம்மையாரும் பள்ளி தொடங்கினார்கள். இருவரும் மிஷன் பணிக்காக வந்தவர்கள். பதிவேடும் பதிவு எண்ணும் இந்நாட்டில் வர அதன்பின் ஒரு நூற்றாண்டு ஆயிற்று. இன்றும் எங்கள் பக்கத்தில் ஒரு பிள்ளைக்குக் காது கேட்கவில்லை என்றால், பெரியவர்கள் வாயில் முதலில் வரும் சொல் ‘பாளையங்கோட்டைக்குக் கொண்டு போ’ என்பதுதான்.

இவ்வளவு சொன்னதனால் படிப்பே வேண்டாம் என்று நான் வாதாடுவதாக எண்ண வேண்டாம். ஆய்க்குடியிலும் வித்யாசாகரிலும் தலைமை ஏற்றவர்கள், வகுப்பறைக்குள் பயிற்சி பெற்றவர்களையே வைத்தார்கள். தமக்கு எது தெரியாது என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அனுபவத்தின் பயனே அதுதான் போலும். என் கவலை, உண்மை அட்டவணையின் நான்காம் வரிசையைப் பற்றியது. அறிவும் இல்லை, அனுபவமும் இல்லை என்ற அந்த நிலையில்தான், மாறுதலில் வந்து மாறுதலில் போகும் பல நாற்காலிகள் நிரப்பப்படுகின்றன.

இரண்டு காகிதங்கள்

அதனால் என்ன கெட்டுப் போகிறது என்பதற்கு என் வீட்டில் நடந்த இரண்டைச் சொல்கிறேன். யாரையும் குறை கூறுவதற்காக அன்று. எந்த ஊர், எந்தப் பள்ளி என்பதும் இங்கே தேவையில்லை.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில், பிறவியிலேயே காது கேளாத குழந்தைக்கு உட்செவிக் கருவி பொருத்தும் அறுவைச் சிகிச்சை இலவசமாகச் செய்யப்படுகிறது. ஆனால் குழந்தைக்கு 6 வயது நிறைவதற்குள் செய்ய வேண்டும். மூளை மொழியைப் பிடித்துக்கொள்ளும் பருவம் அது; அதன்பின் கருவி வைத்தாலும் பேச்சு வருவது கடினம் என்பர். என் தங்கை 4 வயதிலும் 5 வயதிலும் ஓர் அங்கன்வாடிக்குப் போய்க்கொண்டிருந்தாள். எத்தனையோ பேர் வந்து எடை பார்த்தார்கள், உயரம் பார்த்தார்கள், பதிவேட்டில் கையெழுத்திட்டார்கள். ‘பிள்ளைக்குப் பேச்சு வரத் தாமதம், வந்துவிடும்’ என்றார்கள். திட்டத்தின் பெயரை எங்களுக்குச் சொன்ன முதல் ஆளைச் சந்தித்தபோது அவளுக்கு 7 வயது. அந்த ஆள், வாரம் ஒருநாள் பள்ளிக்கு வரும் சிறப்புப் பயிற்றுநர் டீச்சர்.

இரண்டாவது, பத்தாம் வகுப்பில். காது கேளாத மாணவர்கள் அரசுப் பொதுத் தேர்வில் ஒரு மொழிப் பாடத்திலிருந்து விலக்குப் பெறலாம். கூடுதலாக 1 மணி நேரமும் உண்டு. மருத்துவச் சான்றோடு தலைமையாசிரியர் வழியாக விண்ணப்பிக்க வேண்டும். விண்ணப்பிக்கும் காலம் முடிய நாலைந்து நாள் இருக்கும்போது, அப்படியொரு சலுகை இருப்பதே பள்ளியில் எவருக்கும் நினைவில்லை என்று தெரிந்தது. மறுபடியும் அதே டீச்சர்தான். தாமே படிவத்தை எடுத்து வந்து, என்னை நிரப்பச் சொல்லி, அலுவலகத்தில் உட்கார்ந்து கையெழுத்து வாங்கிக் கொடுத்தார். அவள் ஆங்கிலத் தாள் எழுதாமலே தேர்ச்சி பெற்று இப்போது மேல்நிலை வகுப்பில் படிக்கிறாள். எங்கள் வீட்டுக்கு அந்த டீச்சர் வந்தார். அப்படி ஒருவர் போகாத வீடுகளைப் பற்றித்தான் நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன்.

இவ்விரண்டிலும் பணப் பற்றாக்குறை இல்லை. சட்டமும் இருந்தது, திட்டமும் இருந்தது. நடுவில் இருந்தவருக்கு அது தெரியவில்லை, அவ்வளவே. நிர்வாகி என்பவர் பெரும்பாலும் இந்த நடுவிடத்தில்தான் இருக்கிறார்.

விடுதி நண்பர் ஒருவர் இதைக் கேட்டுவிட்டு என்னோடு வாதிட்டார். ‘ஏர் பிடிக்கத் தெரிந்தா ஆட்சித்தலைவர் விவசாயத்தைப் பார்க்கிறார்? கீழே தெரிந்தவர் இருந்தால் போதாதா?’ என்றார். நல்ல கேள்விதான். நானும் இரண்டு நாள் யோசித்தேன். விவசாயிகள் குறைதீர்க்கும் நாளில் விவசாயி எழுந்து நின்று, ‘ஐயா, குளத்துமடை திறக்கவில்லை’ என்று உரக்கக் கேட்பார். கேட்காவிட்டால் சாலையில் உட்காருவார். அவர் வாயே அதிகாரிக்குப் பாடம். என் தங்கையால் அப்படிக் கேட்க முடியாது. அறிவுசார் குறைபாடுள்ள பிள்ளைக்குத் தனக்கு எது மறுக்கப்பட்டது என்பதே தெரியாது. பெற்றோரோ பெரும்பாலும் என் சித்தியைப் போலப் பீடி சுற்றுபவர்கள். அதிகாரி முன் உட்காரவே கூசுபவர்கள். கேட்பவர் இல்லாத இடத்தில், கேட்காமலே தெரிந்தவர் நாற்காலியில் இருந்தாக வேண்டும்.

ஏணி

அப்படித் தெரிந்தவர் எங்கிருந்து வருவார்? வேறெந்தத் துறையாக இருந்தாலும் விடை எளிது. ஆசிரியர் தலைமையாசிரியர் ஆகிறார்; அவரே பின்னர் கல்வி அலுவலரும் ஆகிறார். சிறப்புக் கல்வியில் அந்த ஏணி இல்லை. 1974இல் மத்திய அரசு ஒருங்கிணைந்த கல்வித் திட்டத்தைத் தொடங்கிய காலத்திலிருந்தே இது ‘திட்டமாகவே’ நடந்து வருகிறது. இன்று ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வி என்னும் சமக்ர சிக்ஷா திட்டத்தில் நம் மாநிலத்துச் சிறப்புப் பயிற்றுநர்கள் தொகுப்பூதியத்தில் பணிபுரிகிறார்கள். நிரந்தரப் பணியிடம் இல்லாதபோது பணி மூப்பு இல்லை. பணி மூப்பு இல்லாதபோது பதவி உயர்வும் இல்லை. எனவே இருபதாண்டு பிள்ளைகளோடு உழைத்த டீச்சரின் அனுபவம் ஒருநாளும் மேசைக்குப் பின்னால் போய் அமர்வதில்லை. ஆணையர் பதவிக்குச் சட்டம் கேட்கும் நடைமுறை அனுபவம் இந்நாட்டில் வேண்டிய அளவு இருக்கிறது; அது ஏறிப்போக மட்டும் வழி வைக்கவில்லை.

2021 அக்டோபர் 28 அன்று, ரஜ்னீஷ் குமார் பாண்டே வழக்கில், உச்ச நீதிமன்றம் சிறப்பு ஆசிரியர்களுக்கு மாணவர் விகிதத்திற்கேற்ற நிரந்தரப் பணியிடங்களை மாநிலங்கள் உருவாக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. பலரும் இதை ஆசிரியர்களின் ஊதியப் பிரச்சினையாக மட்டுமே பார்க்கிறார்கள். என் பார்வையில் நிர்வாகிகளின் தகுதிப் பிரச்சினைக்கும் தீர்வு அங்கேதான் தொடங்குகிறது. கீழ்ப்படி உறுதியானால்தான் மேற்படிக்கு ஆள் கிடைக்கும்.

அதுவரை என்ன செய்யலாம்? இப்பதவிகளுக்கு வரும் எவரும், எந்தத் தேர்வில் வென்று வந்தவராயினும், பொறுப்பேற்குமுன் சில மாதங்கள் ஒரு சிறப்புப் பள்ளியில் பிள்ளைகளோடு இருந்து பழக வேண்டும் என்று விதி செய்யலாம். 47ஆம் பிரிவு சொல்லும் பயிற்சியைச் சொற்பொழிவாக நடத்தாமல் இப்படி நடத்துவதற்குச் சட்டத்தில் தடையேதும் இல்லை. கணக்குப் பார்க்கத் தெரிவதும் வேண்டும். சமக்ர சிக்ஷாவில் ஒரு குழந்தைக்கு ஆண்டுக்கு 3,500 ரூபாய் என்று வரும் பணத்தில் எது கருவிக்கு, எது போக்குவரத்துக்கு என்று தெரியாதவர் கையில் அது செலவாகாமலே திரும்பிப் போகும். சைகையில் ‘சாப்பிட்டாயா?’ என்று கேட்கும் அளவுக்காவது தெரிந்திருக்க வேண்டும் என்பது என் சொந்த ஆசை. இதைப் படிக்கும் பேராசிரியர்கள் சிறுபிள்ளைத்தனம் என்று சிரிக்கக் கூடும். ஓர் அதிகாரி அப்படிக் கேட்டால் என் தங்கையின் முகம் எப்படி மாறும் என்று எனக்குத் தெரியும்.

பட்டம் முடித்ததும் செவித்திறன் குறைபாட்டுப் பிரிவில் சிறப்புக் கல்வி பி.எட். சேர வேண்டும் என்று இருக்கிறேன். சென்ற மாதம் அந்த டீச்சரைப் பேருந்து நிறுத்தத்தில் பார்த்தபோது எந்தக் கல்லூரி நல்லது என்று கேட்டேன். சொன்னார். பேச்சோடு பேச்சாக, ‘நீங்களே ஒரு நாள் இந்த மாவட்டத்துக்கு அதிகாரியா வரணும் டீச்சர்’ என்றேன். ‘அதெல்லாம் நமக்கு எங்க தம்பி! நாளைக்கு ரெண்டு பள்ளிக்கூடம் பாக்கணும்லா’ என்று சொல்லி, சுரண்டைப் பேருந்து வரவே, கைப்பையை மாட்டிக்கொண்டு ஏறிவிட்டார்.